மண், சிமென்டு, காகிதம்: கறம்பக்குடி வட்டாரத்துப் புரவிகளும் கலை என்ற பெயரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கறம்பக்குடி வட்டம். இவ்வட்டத்தைச் சேர்ந்த மழையூரும், அறந்தாங்கியை அடுத்த துரையரசபுரமும் அய்யனார் கோயில்களுக்காக வேளார்கள் செய்யும் சுடுமண் குதிரைகளுக்குப் பெயர்பெற்றவை. கறம்பக்குடிக்குத் தெற்கே, கீரமங்கலம் பக்கமுள்ள குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்கு முன்னால் 30 அடிக்கு மேல் உயரமுள்ள குதிரைச் சிலை ஒன்று நிற்கிறது. மாசி மகத்தின்போது அதன்மேல் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் ஏறுகின்றன. இவற்றுக்கிடையே, கடந்த சில பத்தாண்டுகளில் பல ஊர்களில் சிமென்டுக் குதிரைகளும் வந்துவிட்டன.

ஒரே தெய்வத்துக்கு, ஒரே வட்டாரத்தில், மூன்று பொருள்களில் காணிக்கை. இம்மூன்றையும் நாம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மண்குதிரையைக் 'கைவினை' என்கிறோம். சிமென்டுக் குதிரையைக் 'கெட்டுப்போன மரபு' என்கிறோம். காகித மாலையை நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இதே காலத்தில், சாணத்தையும் குங்குமத்தையும் எவர்சில்வர் பாத்திரத்தையும் கொண்டு ஒருவர் காட்சிக்கூடத்தில் ஒன்றைச் செய்து வைத்தால் அது நவீன கலை ஆகிறது. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. பொருள் புதியது என்பதால் ஒன்று உயர்கிறது, அதே காரணத்தால் இன்னொன்று தாழ்கிறது. இந்தக் கணக்கு எங்கோ இடிக்கிறது.

குதிரையின் கால் ஏன் தூண் போல இருக்கிறது?

புரவி எடுப்பு பிடிமண்ணில் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பதுதான் உத்தரவு, ஒப்பந்தம், அழைப்பு எல்லாம். பிறகு கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்குவார்கள். கால்கள் உள்ளே வெற்றிடமுள்ள குழல்களாக முதலில் எழும். அவை கொஞ்சம் இறுகிய பின்னரே வயிறு, அதன் பின்னர் மார்பும் கழுத்தும். ஒரே நாளில் ஏற்றினால் ஈர மண் தன் பளுவாலேயே உட்கார்ந்துவிடும். வளையம் வளையமாக மண்ணைச் சேர்த்து, உள்ளே ஒரு கை தாங்க, வெளியே பலகையால் தட்டித் தட்டி உயர்த்த வேண்டும். காய்ந்தபின் வைக்கோல், வறட்டி, விறகு கொண்டு சூளை. மிகப் பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. நிற்கும் இடத்திலேயே சுற்றிலும் சூளை அமைத்துச் சுடுவார்கள். கடைசியில் வண்ணம், கண் திறப்பு, பொட்டலிலிருந்து கோயிலுக்கு ஊர்வலம்.

இந்தச் செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அய்யனார் குதிரையின் அழகு என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி களிமண் விதித்த நிபந்தனை. கால் தூண் போலத் தடித்திருப்பது, ஈர வயிற்றின் பளுவைத் தாங்கியாக வேண்டும் என்பதால். குதிரை பாயாமல் நிமிர்ந்து நிற்பது, பாய்ந்தால் முறிந்துவிடும் என்பதால். வயிற்றுக்கு அடியில் பூதமோ ஆளோ நாயோ நிற்பது காவலுக்கு மட்டுமல்ல, முட்டுக் கொடுப்பதற்கும்தான். கழுத்தைச் சுற்றியுள்ள மணிச்சரமும் சலங்கையும் வளையங்கள் ஒட்டிய இடங்களைப் பொதிந்து மறைக்க வசதியானவை. ஓட முடியாத குதிரையிடம் ஓடப்போகும் விறைப்பு வந்து சேர்ந்தது அப்படித்தான். மண் 'முடியாது' என்று சொன்ன இடத்திலெல்லாம் வேளாரின் கை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது.

இன்னொன்று, மண்குதிரை நிலைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெயிலிலும் மழையிலும் நிற்கும். காது போகும், கால் போகும். யாரும் ஒட்டுப்போட மாட்டார்கள். அடுத்த புரவி எடுப்பில் புதியது வந்து முன்வரிசையில் நிற்க, பழையது பின்னால் மண்ணோடு மண்ணாகும். பழைய அய்யனார் கோயில்களின் முன்னுள்ள குதிரை வரிசையில் முன்னிருந்து பின்னாக நடந்தால் ஊரின் ஆண்டுகள் கழிவதைப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் இத்தகைய குதிரைகளைப் பத்திரமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் உடைய அனுமதி இல்லாத மண்குதிரை பாதிக் குதிரை.

சிமென்டு செய்த பிழையா?

சிமென்டுக் குதிரையைப் பழிப்பவர்கள் வழக்கமாக இரண்டு காரணம் சொல்கிறார்கள்: அது மரபில் இல்லாத பொருள், அது மலிவான ரசனை. முதல் காரணம் நிற்காது. கோபுரத்துச் சுதை வேலை நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்பில் நடந்தது, பிறகு சிமென்டுக்கு மாறியது. குடமுழுக்குக்குக் குடமுழுக்கு எனாமல் வண்ணமும் பூசப்பட்டது. அதற்காகக் கோபுரத்தைச் சிற்பக்கலைப் பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. அதே சிமென்டு கிராமத்துப் பொட்டலில் நிற்கும்போது மட்டும் ஏன் குற்றமாகிறது?

இரண்டாவது காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது, சொல்லும் விதத்தில்தான் கோளாறு. சிமென்டுக்குக் கம்பி உண்டு. மண்ணால் முடியாததெல்லாம் அதற்கு முடியும்: முன்னங்காலைத் தூக்கலாம், உடலைத் திருப்பலாம், வாலைப் பறக்கவிடலாம். இவ்வளவு சுதந்திரம் கிடைத்தும் பெரும்பாலான சிமென்டுக் குதிரைகள் காலண்டர் படத்தில் வரும் வெள்ளைக் குதிரையையே திரும்பச் செய்கின்றன. இரண்டு முன்னங்கால்கள் மேலே, கீழே மீசைக்காரர் இருவர், கண்ணுக்கு நீல வண்ணம். சிமென்டிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எதையும் மறுக்கவில்லை. எனக்கு இதில் உள்ள குறை பொருளின் குறையாகத் தோன்றவில்லை. பொருளோடு பேச்சுவார்த்தை நடக்காததன் குறை அது. மண்ணோடு பல தலைமுறைப் பேச்சு நடந்திருக்கிறது. சிமென்டோடு நடப்பது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

உண்மையான இழப்பு வேறிடத்தில். சிமென்டுக் குதிரை ஒருமுறை நின்றுவிட்டால் மறுமுறை குதிரை எடுக்க அவசியமில்லை. வண்ணம் அடித்தால் போதும். பிடிமண் கொடுக்கும் வழக்கம் நின்றால், வேளாருக்கு ஊரில் இருந்த இடமும் நிற்கிறது. பல ஊர்களில் அவரே அய்யனாருக்குப் பூசாரியுமாவார். ஆக, ஒரு சிலையின் பொருள் மாறியதில் ஒரு உறவு அறுபட்டது. 'மரபுப் பொருள் போய்விட்டதே' என்று வருந்தும் கட்டுரைகளில் இந்த உறவைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. களிமண் எடுக்க அனுமதிக்கு அலைந்த வேளார்களின் பாடும் அவற்றில் வருவதில்லை. நீர்நிலைகளில் களிமண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024இல்தான் தமிழ்நாடு அரசு நடைமுறையை எளிதாக்கியது. மண்ணே கைக்கு வராத இடத்தில் 'மண்ணை விட்டுவிட்டாரே' என்று கேட்பது எப்படி நியாயமாகும்?

பெயரிடும் அதிகாரம்

வேளார் பொருளை மாற்றினால் வீழ்ச்சி என்கிறோம். இதற்கு நேர்மாறான ஒரு கதை போபாலில் நடந்தது. 1982இல் பாரத் பவன் திறக்கப்பட்டபோது, ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன் அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்தில் பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளையும் நகரக் கலைஞர்களின் படைப்புகளையும் அருகருகே வைத்தார். அப்போது படான்கட் கிராமத்திலிருந்து வந்தவர் ஜங்கட் சிங் சியாம் என்ற கோண்டு இளைஞர். சுவரிலிருந்து தாளுக்கும், மண் நிறத்திலிருந்து கடையில் வாங்கிய வண்ணத்துக்கும் அவர் மாறினார். அந்த மாற்றத்தில் பிறந்ததுதான் இன்று நாம் கோண்டு ஓவியம் என்று அறியும் பாணி. 1989இல் பாரிசின் பெரிய கண்காட்சி ஒன்றில் அவர் படங்கள் இடம்பெற்றன. அவருக்குப் பொருள் மாற்றம் கலைஞன் என்ற பெயரைத் தந்தது. 2001இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை.

எனவே பொருள் பழையதா புதியதா என்பதைவிட, அதற்குப் பெயரிடுபவர் யார் என்பது பெரிய விஷயமாக இருக்கிறது. நம் அரசு நிர்வாகத்திலேயே இது தெரிகிறது. ஓவியரும் சிற்பியும் 1954இல் தொடங்கிய லலித் கலா அகாதெமியைப் பார்க்க வேண்டும். அது பண்பாட்டு அமைச்சகத்தைச் சேர்ந்தது. மண்குதிரை செய்பவர் கைவினைஞர். அவருக்கான விருதும் அடையாள அட்டையும் கைவினை வளர்ச்சி ஆணையரிடமிருந்து வரும். அந்த ஆணையர் அலுவலகம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. அய்யனார் குதிரை எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

வெளிநாட்டிலும் இந்தக் குழப்பம் இருந்தது. கான்ஸ்டான்டின் பிரான்குசியின் பறவைச் சிற்பம் 1926இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. கலைப்பொருளுக்கு அங்கே சுங்கவரி கிடையாது. ஆனால் இறகும் அலகும் இல்லாத மெருகேறிய வெண்கலத் துண்டைப் பார்த்த அதிகாரிகள், அதை உலோகச் சாமான் என்று வகைப்படுத்தி 40 விழுக்காடு வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. 1928இல் அது கலைப்படைப்பே என்று தீர்ப்பு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வெண்கலத்தைவிட மரபான சிற்பப் பொருள் வேறில்லை. பொருள் மரபானதாக இருந்தும் பெயர் கிடைக்கவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1917இல், மார்செல் துஷாம்ப் கடையில் வாங்கிய சிறுநீர்க் கழிகலத்தில் ஒரு புனைபெயரைக் கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தார். அன்று அது வைக்கப்படவில்லை. இன்று கலை வரலாற்று நூல் எதுவும் அதைத் தாண்டிப் போக முடியாது. துஷாம்பின் செய்கையை நம் ஊரில் 'எதை வைத்தாலும் கலை' என்று சுருக்கிப் புரிந்துகொண்டவர்கள் அதிகம். எனக்கு அதில் தெரிவது, யார் வைக்கிறார் என்பதுதான் அதுவரை தீர்மானித்து வந்தது என்ற போட்டுடைப்பு.

பொருள் வேலை செய்யும்போது

அப்படியானால் எதை வைத்தாலும் ஒன்றுதானா? இல்லை. நல்லது கெட்டது உண்டு, அதைச் சொல்லவும் முடியும்.

சென்னைக் கலைக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடமும் எஸ். தனபாலிடமும் பயின்ற பி.வி. ஜானகிராம் (1930–1995), களிமண்ணில் வடித்து வெண்கலத்தில் வார்க்கும் கல்லூரி வழியை விட்டு, செப்புத் தகட்டை எடுத்தார். தகட்டைத் தட்டி முகமும் உடலும் எழுப்பி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோடுகளாக்கினார். சிற்பம் நாலாப்புறமும் சுற்றிப் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற பாடம் அங்கே உடைந்தது. தகட்டுக்கு முன்புறம் மட்டுமே உண்டு. மூலவருக்குச் சாத்தும் கவசத்துக்கும், கோயில் கதவில் அறைந்த உலோகத் தகட்டுக்கும் அப்படித்தான். கல்லூரிக்குப் புதியதாக இருந்த பொருள் கோயிலுக்குப் பழையது. ஜானகிராம் அதை அலங்காரமாகக் கடன் வாங்காமல், தகடு எப்படி வளையும், எங்கே கிழியும் என்பதிலிருந்து உருவத்தைக் கொண்டுவந்தார். 1966இல் அமைந்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் எஸ். நந்தகோபாலும் (1946–2017) பற்றவைத்த உலோகத்தில் இந்த முன்முகத்தன்மையைத் தொடர்ந்தார். அந்தக் கிராமமே பாத்திக் துணி போன்ற கைவினைகளை விற்றுத்தான் காலூன்றியது என்பதைக் கைவினையை இளக்காரமாகப் பேசுபவர்கள் நினைவில் வைக்கலாம்.

கர்நாடகத்தைச் சேர்ந்த ஷீலா கௌடா 1990களின் தொடக்கத்தில் ஓவியத்தை விட்டுச் சாணத்துக்கு வந்தார். 1998இல் அவர் செய்த ஒரு படைப்பில் மிக நீண்ட நூல்கள் ஊசிக் காதுகளின் வழியே இழுக்கப்பட்டு, கயிறாகத் திரண்டு, குங்குமமும் பசையும் ஏறி, கூடம் முழுக்கச் சிவப்பாக நெளிந்து கிடக்கும். முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். ஊசி, நூல், குங்குமம் மூன்றும் பெண் கைகள் அன்றாடம் தொடுபவை. அவை சேர்ந்து தொப்புள்கொடி போலவும் ரத்தம் போலவும் கிடக்கும்போது, 'இதை ஏன் எண்ணெய் வண்ணத்தில் வரையவில்லை' என்ற கேள்வியே எழாது. வேறு பொருளில் அது இருக்க முடியாது. மார்கழி வாசலில் சாணத்தைப் பிடித்துப் பூசணிப்பூ செருகும் பெண்ணுக்கும் சாணம் அப்படித்தான். அவரிடம் கையெழுத்து மட்டும் இல்லை.

சுபோத் குப்தாவின் எவர்சில்வரைப் பற்றி எனக்கு இருமனம். 2006இல் பாத்திரங்களால் அவர் எழுப்பிய மாபெரும் மண்டையோட்டில் சீர்வரிசை மினுமினுப்பும் பசியும் ஒன்றையொன்று கடித்தன. பின்னாளில் பாத்திரக் குவியல் அவருடைய முத்திரையாகிவிட்டது. முத்திரையான பொருள் யோசிப்பதை நிறுத்திவிடும்.

எதிர்முனைக்கு ஒரு எடுத்துக்காட்டு: 2019இல் தில்லியில் திறக்கப்பட்ட கழிவுச் சிற்பப் பூங்கா. சுமார் 150 டன் பழைய இரும்பைக் கொண்டு தாஜ்மகால், ஈபிள் கோபுரம் முதலிய ஏழு அதிசயங்களைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் வருகிறது, படம் எடுத்துக்கொள்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த இரும்பு எந்த வண்டியில் ஓடியது, எந்தக் குழாயாக இருந்தது என்ற கதை எதுவும் தாஜ்மகாலுக்குத் தேவைப்படவில்லை. பிளாஸ்டிக்கிலோ தெர்மோகோலிலோ செய்திருந்தாலும் அதே தாஜ்மகால்தான். சண்டிகரில் நெக் சந்த் செய்தது இதற்கு நேரெதிர். நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் உடைந்த வளையலையும் பீங்கானையும் அவர் 1957 வாக்கிலிருந்து அரசுக் காட்டில் ஒளித்து ஒளித்துச் சேர்த்து உருவங்களாக்கினார். அதிகாரிகள் கண்டுபிடித்தது 1970களின் நடுவில். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே வளையல் துண்டைப் பிடுங்கிவிட்டு மார்பிளை வைத்தால் படைப்பே இல்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு குளமங்கலத்துக்கு வரலாம்.

முப்பது அடி உயரத்தில் காகிதம்

குளமங்கலம் மாலைகள் கடையில் முழம் போட்டு வாங்கும் மாலைகள் அல்ல. குதிரையின் உயரத்துக்கு ஏற்ப நீளமாக, வண்ணத் தாளை மடித்து வெட்டி, நூலில் கட்டி, ஜிகினா சேர்த்துச் செய்யப்படுபவை. வேண்டுதல் நிறைவேறிய குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்று கொண்டுவருகிறது. மாலை பெரியது என்பதால் வேனிலும் லாரியிலும் வருகிறது. மேலே ஏறி நிற்பவர்கள் வாங்கிச் சாத்துகிறார்கள். நேரம் ஆக ஆகக் குதிரை மறைகிறது. கழுத்து போய், மார்பு போய், கடைசியில் முகமும் செவிகளும் தெரியும் ஒரு வண்ண மலை நிற்கிறது.

நகரத்து விமர்சகருக்கு இங்கே உடனே கிறிஸ்டோவும் ஜான்-கிளோடும் நினைவுக்கு வருவார்கள். 1985இல் பாரிசின் பாலம் ஒன்றையும், 1995இல் பெர்லினின் நாடாளுமன்றக் கட்டடத்தையும் துணியால் போர்த்தியவர்கள். பெர்லின் போர்வை இரண்டு வாரம் இருந்தது; அதற்கான முயற்சி 1971இலேயே தொடங்கியது. ஒப்பிடலாம், தவறில்லை. ஆனால் அவர்களைப் போல இருப்பதால் இதுவும் கலை என்று சான்றிதழ் தருவதை நான் ஏற்கவில்லை. பெர்லினில் ஒரு மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பது முன்பே வரைபடத்தில் இருந்தது. குளமங்கலத்தில் இறுதி உருவம் யார் மனத்திலும் இல்லை. முன்னூறாவது மாலையின் மஞ்சள், அதற்கு முன் வந்த ரோஜா நிறத்தின் மேல் எப்படி விழும் என்று எந்தக் குடும்பமும் திட்டமிடவில்லை. தன் மாலை அடுத்த மாலையால் மறைக்கப்படும் என்று தெரிந்தே ஒவ்வொருவரும் கொடுக்கிறார்கள். தன் கை தெரிய வேண்டும் என்ற ஆசையே இல்லாத இந்த வடிவத்தைக் கலைஞன், படைப்பு, கையெழுத்து என்ற சொற்களுக்குள் கொண்டுவருவது கடினம். அதைக் கண்ணுக்கு விருந்தான பக்தி என்று ஒதுக்கினாலும் பாதிதான் பார்த்தவர்களாவோம்.

பொருள் இங்கே வேலை செய்கிறதா? செய்கிறது. நிஜப் பூவில் இந்த நீளத்துக்கும் இந்த எண்ணிக்கைக்கும் மாலை கட்டினால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது, பளுவும் கூடும். துணி தொங்கும், காற்றில் சலசலக்காது. காகிதம் மட்டுமே மலிவு, லேசு, ஒலி மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். ஒரு மழை வந்தால் சாயம் கரைந்து குதிரையின் மேலேயே வழியும். பின்வரிசையில் உடையும் மண்குதிரையின் குணம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது: அடுத்த ஆண்டு மறுபடியும் கொண்டுவந்தாக வேண்டும். சிமென்டுக் குதிரை மறந்துபோன ஒன்றைக் காகிதம் நினைவில் வைத்திருக்கிறது.

அதனால்தான் பிளாஸ்டிக் மாலையைப் பற்றிய கேள்வி சுற்றுச்சூழல் கேள்வியாக மட்டும் எனக்குப் படவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. ஆனாலும் பூ, மாலை, தோரணம் என்று பிளாஸ்டிக் அலங்காரம் எந்தத் திருவிழாக் கடையிலும் கிடைக்கிறது. காகிதத்தைவிடப் பளபளப்பு, கட்டும் வேலையும் இல்லை. வெளுக்காது, கரையாது. அதைச் சாத்தினால் குதிரை ஆண்டு முழுவதும் உடுத்தியே நிற்கும். அடுத்த மாசியில் மாலை கட்ட உட்காரும் வீடுகளில் ஒன்று குறையும்.